மொறிஸ் மைனருக்கு வீட்டில் வைத்தே ரப்பெற் செற் பண்ணுதல்

பழைய மொறிஸ் மைனர் காரை எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் பாஸ் முதலில் பொனற்றைத் திறந்து காதைக் கொடுப்பார். "ரப்பெற் சத்தம் கேக்குது" என்பார். எஞ்சினின் வால்வுக்கும், அதை அமத்தித் திறக்கும் றொக்கர் என்ற கைக்கும் இடையில் விடும் சிறிய இடைவெளியைத்தான் ரப்பெற் என்கிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே றொக்கர் கவரைக் கழற்றி, சத்தம் அடங்கும்வரை ஒவ்வொன்றாக இறுக்கிவிடுவார். கார் சத்தமில்லாமல் வீட்டுக்கு வரும், எங்களுக்கும் சந்தோசம். சில மாதம் போனபின் நாலு பேரை ஏற்றினால் இழுக்காது. நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கும். அடுத்த கராஜில் "எக்சோஸ்ற் வால்வு எரிஞ்சுபோச்சு, ஹெட்டைக் கழட்டவேணும்" என்பார்கள். என்னுடைய காருக்கு இது நடந்த பிறகுதான் இந்த வேலையை நானே படித்துக்கொண்டேன்.

நான் கண்டது ஒன்றுதான். ரப்பெற்றைக் காதால் வைக்கக்கூடாது, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டால் (ஃபீலர் கேஜ்) வைக்கவேண்டும். இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாது. எக்சோஸ்ற் வால்வு, அதாவது எரிந்த புகை வெளியே போகும் வால்வு, தன் சூட்டைப் பெரும்பாலும் தான் உட்காரும் சீற் வழியாகத்தான் இறக்கும். உட்காரவே விடாவிட்டால் எரியத்தான் செய்யும். ஆகவே மெல்லிய டிக் டிக் கேட்கும் மைனரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். சத்தமே கேட்காத மைனரைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.

1. உங்கள் பொனற்றுக்குள் இருப்பது எந்த எஞ்சின்?

கீழே சொல்வது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) செய்த ஏ சீரிஸ் எஞ்சினுக்கு மட்டும். மைனரில் அது 803, 948, 1098 சி.சி. என்று மூன்று அளவில் வந்தது. மூன்றுக்கும் இடைவெளி ஒன்றே: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. இன்லெற் (காற்றும் பெற்றோலும் உள்ளே வரும் வால்வு), எக்சோஸ்ற் இரண்டுக்கும் அதே அளவு.

1952க்கு முந்திய மைனர்களில் இருந்த 918 சி.சி. எஞ்சின் வேறு சாதி. அதில் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும், மேலே றொக்கரே இல்லை. அது உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உதவாது. யப்பான் எஞ்சின் ஏற்றிய மைனர்களும் எங்கள் பக்கம் தாராளமாக ஓடுகின்றன. அவற்றுக்கும் இந்த அளவுகள் பொருந்தாது.

எது என்று தெரியாவிட்டால் எஞ்சினின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, புளொக்கில் அடித்திருக்கும் சிறிய தகட்டைத் துடைத்துப் பாருங்கள். இலக்கம் ஏபிஎச்எம் என்று தொடங்கினால் 803, 9எம் என்றால் 948, 10எம்ஏ என்றால் 1098. பார்த்த கையோடு போனில் ஒரு படம் எடுத்து, வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். ரப்பெற்றுக்கு இது தேவையில்லைதான். ஆனால் அறுபது வருடத்தில் எத்தனை கை மாறிய கார், எத்தனை எஞ்சின் மாறியதோ தெரியாது. இலக்கம் பிழையாக இருந்தால் விற்கப்போகும் நாளில் அறிவதைவிட இன்றைக்கே அறிவது நல்லது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த நாள் எடுக்கும்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு முடியும்?

ஃபீலர் கேஜ் ஒரு செற். அங்குலமும் மில்லிமீற்றரும் இரண்டும் பொறித்ததாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வேலையில் புதியவர்கள் விழும் பெரிய குழி இங்கேதான் இருக்கிறது. மில்லிமீற்றர் மட்டும் உள்ள செற்றில் 0.12 என்று ஒரு தகடு இருந்தால், "பன்னிரண்டு" என்று அதை எடுத்து வைத்துவிடுவார்கள். 0.12 மி.மீ. என்றால் அங்குலத்தில் 0.005க்கும் குறைவு. அப்படி வைத்த கார் சத்தமே இல்லாமல் ஓடும், வால்வுகளும் சத்தமில்லாமல் எரியும். உங்களுக்கு வேண்டிய தகட்டில் .012 அல்லது 0.30 என்று இருக்கவேண்டும். தனித் தகடு இல்லாவிட்டால் .005உம் .007உம் சேர்த்து வைக்கலாம். இரண்டையும் நன்றாகத் துடைத்துவிட்டுச் சேருங்கள்.

அரை அங்குல ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அளவு) றிங் ஸ்பனர் ஒன்று, றொக்கர் லொக் நட்டுக்கு. வீட்டில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பனர் போதுமே என்று தோன்றும், போட்டுப் பார்த்தால் போகவும் செய்யும். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. தான். அந்தச் சின்ன ஆட்டம் போதும், இறுகிக் கிடக்கும் பழைய நட்டின் மூலைகளை மழுக்கிவிட. அங்குல ஸ்பனர் புதிதாகத் தேடி அலையத் தேவையில்லை. பழைய இரும்புச் சாமான் கடைகளில் கிளறினால் நல்ல இங்கிலாந்துச் சாமானே அகப்படும்.

அகலமான வாய் உள்ள ஸ்குறூ ட்றைவர், பிளக் ஸ்பனர், ரோச் லைற், மண்ணெண்ணெய், பஞ்சு உதிராத பழந்துணி. கழற்றும் நட், வாசர்களைப் போட ஒரு சிரட்டை. வேறெதுவும் வேண்டாம்.

றொக்கர் கவர் கஸ்கெற் (ஒயில் ஒழுகாமல் கவருக்கு அடியில் வைக்கும் பட்டி) புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பழைய கோர்க் கஸ்கெற் கவரைத் தூக்கும்போது பெரும்பாலும் உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், கார் திறந்தபடி கிடக்கும். கடையில் ரெடிமேற்றாகக் கிடைக்காவிட்டால் கோர்க் சீற் வாங்கி, கவரை அதன்மேல் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு, நீங்களே வெட்டலாம்.

விலையை ரூபாயில் எழுதினால் இந்தக் காலத்தில் அடுத்த மாதமே பிழையாகிவிடும். கஸ்கெற்றைத் தவிர மற்றதெல்லாம் ஒருமுறைச் செலவு. ஹெட் கழற்றி, வால்வு மாற்றி, சீற் வெட்டும் செலவோடு பார்த்தால் இது கணக்கிலேயே வராது.

3. எப்போது செய்வது?

விடியற்காலையில். 0.012 என்பது குளிர்ந்த எஞ்சினுக்கான அளவு. முதல்நாள் இரவு காரை நிறுத்தினால் காலையில் எடுக்காதீர்கள், தள்ளி நிழலில் விடுங்கள். "ஒரு மணித்தியாலம் ஆறவிட்டேன், தொட்டால் சுடவில்லை" என்பது காணாது. இரும்பு ஹெட் உள்ளே சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும்.

முதல்முறை செய்பவர் அரை நாளை ஒதுக்குங்கள். கை பழகினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்திய கிழமை செய்துவிடுங்கள். காலையில் ரப்பெற், பின்னேரம் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் அவசரம்தான் வேலை செய்யும்.

அண்மையில் ஹெட் கழற்றிப் பூட்டிய கார் என்றால் வேறொரு ஒழுங்கு உண்டு. முதலில் ஹெட் நட்டுகள் ஒன்பதையும் ரோர்க் ஸ்பனரால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பனர்) 40 இறாத்தல்-அடிக்குப் பார்த்துவிட்டு, பிறகுதான் ரப்பெற். மாறிச் செய்தால், ஹெட் இறுகும்போது நீங்கள் வைத்த இடைவெளி எல்லாம் மாறிவிடும்.

4. கவரைக் கழற்றுதல்

சுவிச்சை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். ஹான்ட் பிறேக்கை இழுத்து, கியரை நியூற்றலில் விடுங்கள்.

பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று ரேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள். றேடியேற்றர் பக்கம் இருப்பது 1. பிளக்கைக் கழற்றுமுன் அந்தக் குழிக்குள் இருக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள்தான் போகும். நாலு பிளக்கையும் கழற்றுவது கட்டாயம். அப்போதுதான் எஞ்சின் கைக்கு இலகுவாகச் சுற்றும், நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் அடுக்குங்கள். ஒன்று மட்டும் எண்ணெய்க் கறுப்பாகவோ, வெளிறியோ இருந்தால் குறித்துவையுங்கள். இடைவெளியையும் 0.025 அங்குலத்துக்குப் பார்த்துவிடலாம், கேஜ் கையில்தானே இருக்கிறது.

கவரிலிருந்து எயார் கிளீனருக்குப் போகும் றபர்க் குழாயைக் கழற்றி ஒதுக்குங்கள். மேலே இருக்கும் இரண்டு நட்டையும் வாசர், றபர் புஷ்ஷோடு எடுத்துச் சிரட்டைக்குள் போடுங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்குறூ ட்றைவரால் நெம்பவேண்டாம். தகரக் கவர் வளைந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க ஒயில் ஒழுகும். பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுங்கள், விட்டுவிடும். உடைந்த கோர்க் துண்டுகள் புஷ் றொட் (றொக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பி) ஓட்டைகளுக்குள் விழாமல் முதலில் துணியை நிரவிவிட்டே சுரண்டுங்கள்.

5. எஞ்சினைக் கையால் சுற்றுதல்

மைனருக்கு முன்னாலிருந்து எஞ்சினைச் சுற்றும் ஹான்டில் போட வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம். ஹான்டில் தொலைந்துபோன காராக இருந்தால் ஃபான் பெல்ற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபானைச் சுற்றலாம். பெல்ற் வழுக்கினால் நாலாம் கியரில் போட்டு, ஹான்ட் பிறேக்கை விட்டு, ஒருவரைக் கொண்டு காரை மெல்ல முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். அப்படியானால் எஞ்சினுக்குள் கை வைப்பவர் "நில்" என்றதும் நிற்கும் ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். ஸ்ராட்டரைத் தட்டித் தட்டிச் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டிய இடத்தில் நிற்காது, விரலுக்கும் ஆபத்து.

6. ஒன்பது கணக்கு

மேலிருந்து பார்த்தால் எட்டு றொக்கர் தெரியும். றேடியேற்றர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 1, 4, 5, 8 எக்சோஸ்ற். 2, 3, 6, 7 இன்லெற்.

ஒரு வால்வு முழுதாக மூடி, அதன் புஷ் றொட்டைத் தள்ளும் காமின் (எஞ்சினுக்குள் சுற்றும், மேடுகள் உள்ள தண்டு) மேடில்லாத முதுகு அதன் பக்கம் இருக்கும்போதுதான் இடைவெளியை அளக்கலாம். அதை எப்படி அறிவது? இன்னொரு வால்வைப் பார்த்துத்தான். முழுதாகத் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை 9இலிருந்து கழியுங்கள். வருவதுதான் நீங்கள் அளக்கவேண்டிய வால்வு. சுற்றும்போது வரும் ஒழுங்கு இது:

8 திறந்திருக்கும்போது 1ஐ வையுங்கள்.
6 திறந்திருக்கும்போது 3.
4 திறந்திருக்கும்போது 5.
7 திறந்திருக்கும்போது 2.
1 திறந்திருக்கும்போது 8.
3 திறந்திருக்கும்போது 6.
5 திறந்திருக்கும்போது 4.
2 திறந்திருக்கும்போது 7.

இந்த ஒழுங்கில் போனால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினாலே எட்டும் முடிந்துவிடும். ஆனால் சமமான இடைவெளியில் வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம். 8 வந்த உடனேயே கிட்டத்தில் 6 வந்துவிடும். பிறகு 4 வருவதற்கு நிறையச் சுற்றவேண்டும், அதன் பின்னால் உடனே 7 வரும். இதை அறியாமல் ஒவ்வொரு முறையும் கால் சுற்று என்று கணக்கு வைத்துச் சுற்றினால் பாதி வால்வு பிழையாகிவிடும்.

முழுதாகத் திறந்ததா என்று எப்படித் தெரியும்? ஸ்பிறிங்கைப் பாருங்கள். மேலும் அமுங்காமல் நின்று, இன்னும் சற்றுச் சுற்றினால் மேலே எழும்பத் தொடங்கும் இடம் அது. கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் குற்றமில்லை, எதிர் வால்வு காமின் முதுகில்தான் இருக்கும். முடித்த வால்வின் எண்ணைச் சோக்கால் கவரிலோ சுவரிலோ எழுதிக்கொண்டே போங்கள். நடுவில் ஒரு போன் வந்தால் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும்.

7. அளத்தலும் வைத்தலும்

முதலில் எதையும் கழற்றாமல் எட்டையும் அளந்து எழுதுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் எனக்கு இந்தப் பேப்பர்தான் பெறுமதி. எந்த வால்வு இறுகியிருந்தது, எது தளர்ந்திருந்தது என்பது எஞ்சினின் நோயைச் சொல்லும்.

தகட்டை வால்வு நுனிக்கும் றொக்கருக்கும் இடையில் விடுங்கள். றொக்கரின் புஷ் றொட் பக்கத்தை விரலால் கீழே அமத்திப் பிடித்தபடி அளந்தால் ஒயில் படலம் ஏமாற்றாது. .012 தகடு லேசான பிடிப்போடு போய்வர வேண்டும். வளைந்து மடிந்து போகிறதென்றால் இறுக்கம். தடையே இல்லாமல் ஓடினால் தளர்வு. உங்கள் கையில் நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு வழி: .011 தாராளமாகப் போகவேண்டும், .013 போக மறுக்கவேண்டும். இரண்டும் சரியென்றால் நடுவில் இருப்பதும் சரி.

திருத்தவேண்டுமானால் ஸ்குறூவை ட்றைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டைத் தளர்த்துங்கள். தகட்டை உள்ளே விட்டபடியே ஸ்குறூவைத் திருப்பி அந்தப் பிடிப்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்குறூவை அப்படியே பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். தகட்டை எடுத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். நட் இறுகும்போது ஸ்குறூவும் ஒரு மயிரிழை கூடவே திரும்பும். ஆகவே முதல்முறை வைத்தது பெரும்பாலும் நிற்காது. சலிக்காமல் திரும்ப வையுங்கள். இந்த மறு அளவைத் தவிர்ப்பதுதான் இரண்டாவது பெரிய குழி. ஸ்குறூவை மிகவும் தளர்த்திவிட்டால் புஷ் றொட் அதன் குழியிலிருந்து விலகலாம். இறுக்குமுன் நுனி சரியாகக் குழிக்குள் இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒன்று மட்டும் சத்தம் போடுகிறதா? அதன் றொக்கர் நுனியைப் பாருங்கள். பல வருடம் அடித்து அடித்து அதில் வால்வு நுனியின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தப் பள்ளத்துக்கு மேலால் பாலம்போட்டு நிற்கும். கேஜ் 0.012 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட. இதைக் காதால் கேட்டு இறுக்கிச் சமாளிக்க வேண்டாம். றொக்கரைக் கழற்றி அந்த முகத்தைக் கிறைண்ட் பண்ணுவிக்கவேண்டும், அல்லது நல்ல றொக்கர் ஒன்று தேடவேண்டும். றொக்கரைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் றொக்கர்களைத் தாங்கும் தண்டும் தேய்ந்திருக்கிறது.

8. மூடுதல்

மூடுவதற்கு முன் எஞ்சினை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி எட்டையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். உள்ளே விட்ட துணியை எடுத்தாயிற்றா?

ஹெட்டின் விளிம்பையும் கவரின் விளிம்பையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கஸ்கெற்றைக் கவர் பக்கத்தில் மட்டும் பசை போட்டு ஒட்டுங்கள். ஹெட் பக்கம் பசை வேண்டாம், அடுத்தமுறை உடையாமல் தூக்கலாம். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கஸ்கெற் அமுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஒயில் ஒழுகுமோ என்று பயந்து பலங்கொண்டு இறுக்குபவரின் கவர்தான் வளைந்து ஒழுகும். இடப்பக்கமாக ஒழுகினால் சூடான மனிபோல்டில் (எஞ்சினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்) விழுந்து காருக்குள் எல்லாம் எரிந்த ஒயில் மணக்கும்.

பிளக்குகளை முதலில் விரலாலேயே முழுதாகத் திருகிவிட்டுப் பிறகு ஸ்பனர் போடுங்கள். வயர்களை எண்ணின்படி மாட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1-3-4-2.

9. ஓடவிட்டுப் பார்த்தல்

ஸ்ராட் பண்ணினால் மெல்லிய, ஒரே சீரான டிக் டிக் கேட்கவேண்டும். முன்பு கராஜில் இறுக்கி வைத்த கார் என்றால் இப்போது சத்தம் கூடியதுபோலத் தோன்றும். பக்கத்து வீட்டு அண்ணர் எட்டிப் பார்த்து "என்ன தம்பி, குழப்பிப்போட்டியோ?" என்றும் கேட்பார். கேட்கட்டும். சீரில்லாமல் ஒன்று மட்டும் தனியாக அடித்தால் மட்டும் மறுபடி திறவுங்கள், அதுவும் அடுத்தநாள் எஞ்சின் குளிர்ந்த பிறகு.

கால் மணித்தியாலம் ஓடவிட்டு, கவரின் நாலு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஐடில் வேகம் சற்று மாறியிருக்கலாம், கார்புரேற்றரில் ஐடிலைத் திருத்திக்கொள்ளுங்கள். ரப்பெற் பிழையாக இருந்த காலத்தில் கார்புரேற்றரைத் திருகிச் சமாளித்தவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

10. அடுத்தது எப்போது?

ஆறாயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது பத்தாயிரம் கிலோமீற்றர் அளவில் பார்ப்பது வழக்கம். மைனர் வைத்திருப்பவர்களில் பலர் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும்தான் எடுப்பார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

முதலில் அளந்து எழுதிய பேப்பர் இப்போது உதவும். அடுத்தமுறை அளக்கும்போது 1, 4, 5, 8 இல் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். இந்த ஹெட்டுகள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்தவை. இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோல் நின்றுபோனது. ஈயம் இல்லாமல் எக்சோஸ்ற் சீற் தேயும், வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும், இடைவெளி தானாகவே அடைபடும். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது பெரிதாக வராது. ஏ9 வீதியில் கொழும்புக்கு ஓடும் காருக்கு வரும். ஒவ்வொரு முறையும் எக்சோஸ்ற்றைத் தளர்த்தவேண்டி வந்தால், திருத்திக்கொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். காசு சேர்த்து, ஹெட்டை ஒருமுறை கழற்றி, எக்சோஸ்ற் நாலுக்கும் கடினமான சீற் வளையம் போடுவியுங்கள். லேத் வேலைக்காரரிடம் பேசும்போது சீற் நாலுக்கு மட்டும் விலை கேளுங்கள், இன்லெற்றுக்குத் தேவையில்லை. எட்டுக்கும் போடவேண்டும் என்பார்கள், போடவேண்டாம்.